புத்தகத்துக்கு ஒரு பெல்ட்

"பெல்ட் பத்திரமா இருக்குல்ல மாப்ள?"

மாப்பிள்ளை ஒரு கையில் போனையும் இன்னொரு கையில் அளவு நாடாவையும் பிடித்துக்கொண்டிருந்தார். குனிந்து தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

"இருக்கு மாமா. போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"போட்டுக்கிட்டா? எங்க?"

"இடுப்புலதான் மாமா."

"இடுப்புலயா!"

"கொஞ்சம் லூசா இருந்துச்சு. அதான் காலையில ஆணியால இன்னொரு ஓட்டை போட்டேன். இப்ப சிக்குன்னு நிக்குது."

மறுமுனையில் நாற்காலி தரையில் இழுபட்டது. "தண்ணி, தண்ணி" என்று மாமா யாரையோ கேட்பது கேட்டது. பின்னணியில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. அடுத்து வந்தது அத்தையின் குரல்.

"மாப்ள, என்ன சொல்லித் தொலைச்சீங்க? மனுஷன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு."

"பெல்ட் இருக்கான்னு கேட்டாரு அத்தை. இருக்குன்னேன்."

"அட கடவுளே, உங்க பெல்ட்டை யாரு கேட்டா? புத்தகத்தோட பெல்ட்டு! அட்டைக்கு மேல குறுக்கால ஒரு பேப்பர் பட்டையா சுத்தியிருக்குமே, சிவப்பு எழுத்துல."

மாப்பிள்ளை அளவு நாடாவைக் கீழே போட்டார்.

"ஓ, அதுவா! அது இருக்கு அத்தை. மாமாகிட்ட சும்மா விளையாடினேன்னு சொல்லுங்க."

"அவர்கிட்டயா விளையாடினீங்க?" என்று கேட்ட அத்தை, குரலைத் தாழ்த்தினார். "நெஜமாவே இருக்குல்ல?"

"இருக்கு அத்தை."

இல்லை. அது இல்லவே இல்லை.

மாப்பிள்ளை ஊரில் சட்டம் போடுகிறவர். மந்திரி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் போடுவது மரச் சட்டம். குடும்பப் படம், பட்டமளிப்புச் சான்றிதழ், ஓய்வு பெறும் நாளில் எடுத்த குரூப் போட்டோ, எதைக் கொண்டுவந்தாலும் நாலு பக்கமும் கட்டைவைத்து, கண்ணாடி போட்டு, மாட்டக் கொக்கி அடித்துக் கொடுப்பார். மாமாவோ கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடல் பயணத்தில் மற்றவர்கள் துறைமுகத்தில் இறங்கினால் என்னென்னவோ வாங்குவார்கள். மாமா ஜப்பானில் இறங்கியபோது ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்து, ஜப்பானியத் திரைப்படங்களின் வரலாறு என்ற தலையணை மாதிரியான புத்தகத்தை வாங்கினார். அதையும், அத்தைக்கு ஒரு தையல் மெஷினையும் ஒரே பெட்டியில் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த துறைமுகத்துக்குப் போய்விட்டார். பின்னாளில் அதே நாட்டிலிருந்து மகளுக்கு ஒரு ரைஸ் குக்கரும் வாங்கி வந்தார். இந்தக் குடும்பத்துக்கும் ஜப்பானுக்கும் உள்ள உறவு இந்த மூன்று பொருள்களோடு முடிந்தது.

புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழி. மாமாவுக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அந்தப் படங்களை அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை மாப்பிள்ளை வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கையைக் கழுவி, துடைத்து, மேஜையில் துணி விரித்து, வலது பக்கத்திலிருந்து திறப்பார். "பேசாப் படக் காலத்துல அங்க திரைக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னு கதை சொல்லுவாராம் மாப்ள. ஜனங்க படத்துக்காக வர மாட்டாங்களாம், அவர் குரலுக்காக வருவாங்களாம்" என்பார். ஒரு படத்தைக் காட்டி, "இந்த அறையில யாரும் இல்ல, பாருங்க. ஆனா இப்பத்தான் யாரோ எழுந்து போயிருக்காங்கன்னு தெரியுதுல்ல?" என்பார். தெரியும். சத்தியமாகத் தெரியும். காலமெல்லாம் கட்டைக்குள் படத்தை அடைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு, சட்டத்துக்குள் எதை வைக்காமல் விடுவது என்று சொல்லிக்கொடுத்தவர் மாமாதான். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் புத்தகத்தைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் மாப்பிள்ளை பார்த்து வந்தார். தொட அனுமதி கிடையாது. போட்டோ எடுக்கவும் கூடாது. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடுமாம்.

அப்படிப்பட்ட மாமா, தான் உறுப்பினராக இருந்த சினிமா மன்றத்தின் புது அறை திறப்பு விழாவில் புத்தகத்தைக் காட்சிக்கு வைப்பதற்காக, ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லி, புத்தகத்தையே மாப்பிள்ளையின் கையில் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை அன்றைக்குக் கடைக்கு நடந்தே போனார். ஸ்கூட்டரில் வைத்தால் குலுங்கும் என்று.

"மாப்ள." மாமா மீண்டும் போனுக்கு வந்திருந்தார். "இனிமே அந்த மாதிரி விளையாடாதீங்க. அந்தப் பெல்ட் இருந்தாத்தான் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பு. எல்லாரும் விளம்பரம்னு நெனச்சுக் கிழிச்சுப் போட்டுடுவாங்க. அதனாலேயே பெல்ட்டோட கிடைக்கிறது அபூர்வம். அதுல ஓரத்துல ஒரு சின்ன வாள் போட்டிருக்கும், பாத்தீங்களா? வாள் சண்டைப் படங்களோட காலத்தைக் குறிக்குது."

"பாத்தேன் மாமா. நல்ல வாள்."

மாப்பிள்ளையும் அதை விளம்பரம் என்று நினைத்துத்தான் எடுத்திருந்தார். எடுத்து மடித்து, ஒரு சட்டத்துக்குள் திணித்துவிட்டார். சான்றிதழ் உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. பின் அட்டைக்கு அண்டைகொடுக்கக் கெட்டியான காகிதம் தேவைப்பட்டது. கைக்கு எட்டிய இடத்தில் அது கிடந்தது. போதாததற்குப் பசை வேறு தடவியிருந்தார், வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று.

அது பல் டாக்டரம்மாவின் சான்றிதழ். ஏற்கெனவே ஆஸ்பத்திரிச் சுவருக்குப் போய்விட்டது.

மாப்பிள்ளை கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க."

"எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்லம்மா. டாக்டரோட சட்டத்தைக் கொஞ்சம் கழட்டணும்."

அந்தப் பெண் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளை அவசரமாக டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

உள்ளே போனதும் டாக்டரம்மா அவரைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார். தலைக்கு நேர் எதிரே சுவரில் சான்றிதழ் தொங்கியது.

"டாக்டர், நான் பல்லுக்கு வரல. அந்தச் சட்டம் ஒரு பக்கமா..."

"பயத்துல எல்லாரும் எதையாவது சொல்லுவாங்க. வாயைத் திறங்க."

"இல்ல டாக்டர், நெஜமாவே..."

அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்ததுதான் தப்பாகப் போயிற்று. உள்ளே விளக்கு அடித்துப் பார்த்த டாக்டரம்மா, "அடேயப்பா!" என்றார். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி வேர்வரை போயிருந்ததாம். இதை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு நாள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். ஊசி போட்டார். பிடுங்கினார். மாப்பிள்ளை எழுந்தபோது வாயில் பஞ்சும், பாதி முகத்தில் மரத்துப்போன உணர்வும் இருந்தன. அவர் சுவரைக் காட்டி, "தத்தம்... தத்தம்..." என்றார்.

"ரத்தமா? கொஞ்சம் வரும். பயப்படாதீங்க."

கடைசியில் கையால் நாலு பக்கமும் வரைந்து காட்டியபிறகுதான் புரிந்தது. டாக்டரம்மா நல்ல மாதிரி. சட்டத்தைக் கழற்றித் தந்தார். பின் அட்டையைப் பிரித்தால் பட்டை இருந்தது, பசையோடு இறுகிப்போய். மாப்பிள்ளை நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை.

"இருங்க, ஈரம் பட்டா இளகும்" என்று டாக்டரம்மா, வாய் கழுவத் தண்ணீர் பீய்ச்சும் குழாயைக் கொண்டுவந்து அன்போடு பீய்ச்சினார்.

பசை இளகியது. கூடவே காகிதமும் இளகியது. சிவப்பு எழுத்துகள் ஒழுகி ஒன்றோடொன்று கலந்தன. வாள் முதலில் போயிற்று. மாப்பிள்ளையின் உள்ளங்கையில் மிஞ்சியது ஒரு பிடி இளஞ்சிவப்புக் கூழ். சான்றிதழுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரியாக அந்த நேரத்தில் போன் அடித்தது. மாமா.

"பெட்டி வேலை எந்த மட்டுல இருக்கு மாப்ள?"

"நழ்ழா போழுது மாமா."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? அழறீங்களா?"

"இழ்ழ மாமா..."

"மறைக்காதீங்க. தனியா உக்காந்து புத்தகத்தைப் புரட்டியிருக்கீங்க. எனக்குத் தெரியும் மாப்ள. அந்தக் கடைசி அத்தியாயத்துப் படங்களைப் பாத்துட்டு நானும் ஒரு நாள் கப்பல் அறையில கதவைச் சாத்திக்கிட்டு அழுதிருக்கேன்." மாமாவின் குரலும் தழுதழுத்தது. "உங்களைச் சாதாரணமா நெனச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க. பெட்டிச் சாவி இனி உங்ககிட்டதான் இருக்கணும். எனக்கப்புறம் அந்தப் புத்தகமும் உங்களுக்குத்தான்."

இதற்கு அவர் திட்டியிருந்தால் தேவலை. மாப்பிள்ளை கூழைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தாள். "எந்தப் பல்லுங்க இது?"

கதையைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள், "அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னவன் நான். இன்னைக்குத்தான் மனுஷன் எங்கிட்ட மன்னிப்பு கேட்டாரு. அதை நான் எப்படித் திருப்பிக் கொடுக்கறது?"

மனைவி எழுந்தாள். அடுக்களைக்குப் போனவள், மேடைக்கு அடியில் இருந்த இழுப்பறையைக் குடைந்து, மடிப்பு மடிப்பாக ஒரு தாளோடு வந்தாள். ரைஸ் குக்கரோடு வந்த தாள். அதிலும் சிவப்பு எழுத்து. அதே மாதிரிக் கொக்கி கொக்கியான எழுத்து.

"இதுவும் ஜப்பான்தானே?" என்றாள்.

மாப்பிள்ளை அவளை அன்றைக்குப் பார்த்த மாதிரி கல்யாணத்தன்றுகூடப் பார்த்திருக்க மாட்டார்.

பட்டை எத்தனை அகலம், எத்தனை நீளம் என்பது மட்டும் அவருக்கு அச்சொட்டாகத் தெரியும். சட்டத்துக்குள் திணிப்பதற்கு முன் அதை அளந்து பார்த்திருந்தார். அதைக் குறித்துக்கொண்டு, அச்சகம் வைத்திருக்கிற நண்பரிடம் ஓடினார். அச்சகத்துக்காரர் தாளை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"எனக்குத் தமிழையே தலைகீழா வெச்சுப் படிச்சுத்தான் பழக்கம். இதுல எது தலை, எது கால்னே தெரியலையே?"

"குக்கர் படம் போட்டிருக்கு பாரு. மூடி மேல இருந்தா அதுதான் தலை."

"அதுவும் சரிதான். எந்த வரியைப் போட?"

"இருக்கறதுலயே பெருசா, தடிமனா இருக்கறதைப் போடு. பெருசா இருந்தா முக்கியமான வாக்கியமாத்தான் இருக்கும்."

அடுத்து வாள். தாளில் எங்கு தேடியும் வாள் இல்லை. சோறு கிளறும் கரண்டிதான் இருந்தது. அச்சகத்துக்காரர் கம்ப்யூட்டரில் அதைப் பிடித்து இழுத்துக் கொஞ்சம் ஒல்லியாக்கி, முனையைக் கூராக்கினார். ரொம்பக் கிட்டே போய்ப் பார்க்காதவரை வாள்தான்.

அச்சடித்து வந்தது பளபளவென்று புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பழசாக்க வேண்டுமே என்று டீயில் முக்கினார்கள். முதல் பட்டை வறுத்த நிறத்துக்குப் போய்விட்டது. பால் கலந்து இன்னொன்றை முக்கினார்கள். நிறம் வந்தது, எறும்பும் வந்தது. சர்க்கரை போடாத டீயில் மூன்றாவதை முக்கி, மனைவி இஸ்திரி போட்டு, ஓரங்களைக் கொஞ்சம் கசக்கிவிட்டதும், மாப்பிள்ளையே ஒரு கணம் ஏமாந்தார். ஆசையாக அதைப் புத்தகத்துக்குச் சுற்றி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

விழா நாளன்று மன்றத்தின் புது அறையில் நாற்காலி போதாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் பெட்டி. மாப்பிள்ளை தன் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்த வேலை அது. மூலைகளில் இணைப்பு எங்கே என்று தேடினாலும் தெரியாது. அதற்குள் அந்தப் பழைய புத்தகம், ஒரு கப்பல் தலைவனைப் போல நிமிர்ந்து நின்றது. வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மாமா பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். நின்றார். குனிந்தார்.

"வாள் கொஞ்சம் குண்டாத் தெரியுதே?"

மாப்பிள்ளைக்குப் பிடுங்கிய பல்லும் வலித்தது.

"உங்க மூக்குக் கண்ணாடியைத் துடைங்க முதல்ல" என்று அத்தை குறுக்கே வந்தார். "என்னமோ டீ வாசனை வருதே?" என்றார் மாமா. "கீழ நாப்பது பேருக்கு டீ போடறாங்க, வராம என்ன செய்யும்? போங்க, விருந்தாளி வந்துட்டாங்க" என்று அவரை வாசல் பக்கம் தள்ளிவிட்டார் அத்தை.

"யார் அத்தை விருந்தாளி?"

"உங்களுக்குச் சொல்லலையா? ஜப்பான்ல இருந்து ஒரு பேராசிரியை. சினிமாதான் அவங்க படிப்பு. தமிழும் படிச்சிருக்காங்க. முன்னாடி ஒரு தடவை நம்ம வீட்டுக்குக்கூட வந்திருக்காங்க."

அத்தையின் நெற்றியிலும் வேர்வை அரும்பியிருந்ததை மாப்பிள்ளை கவனித்தார். அறையில் கூட்டம் அதிகம் என்று நினைத்துக்கொண்டார்.

பேராசிரியை சின்ன உருவம். நரைத்த தலை. எல்லோருக்கும் இடுப்பு வளையக் குனிந்து, "வணக்கம். அனைவரும் நலமாக இருக்கிறீர்களா?" என்று பாடப் புத்தகத் தமிழில் கேட்டார். மாமா மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு ஒரு நீண்ட நாள் ஆசை. இந்தப் புத்தகத்துப் பெல்ட்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியணும். போன தடவை இந்த அம்மா நம்ம வீட்டுக்கு வந்தப்பவே கேக்க இருந்தேன். அவங்களும் எடுத்துப் பாத்தாங்க. அதுக்குள்ள என் வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிட்டுட்டா. எப்பக் கேட்டாலும், அர்த்தம் தெரிஞ்சா அழகு போயிடும்பா. இன்னைக்கு அவ பேச்சைக் கேக்கப் போறதில்ல. அம்மா, நீங்கதான் படிச்சுச் சொல்லணும்."

மாப்பிள்ளை தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். தூண் அவரை விட ஒல்லி.

பேராசிரியை பெட்டியருகே போய்ப் பட்டையைப் படித்தார். படித்துவிட்டு மீண்டும் படித்தார். அவர் தோள்கள் லேசாகக் குலுங்கின. கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அழறாங்க பாருங்க" என்று மாமா பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெளிவான குரலில் சொன்னார்: "இதில் எழுதியிருப்பது இதுதான். 'விளக்கு அணைந்தவுடன் அவசரப்பட்டு மூடியைத் திறக்க வேண்டாம். சற்று நேரம் அப்படியே விடுங்கள். உள்ளே இருப்பது தன் சூட்டிலேயே பக்குவமாகும்.'"

"மூடின்னா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"மனசோட மூடி ஐயா!" என்று மாமா குரலெடுத்தார். "தியேட்டர்ல விளக்கு அணையுது. படம் ஓட ஆரம்பிச்சதுமே அர்த்தம் என்ன, அர்த்தம் என்னன்னு பறக்காதேங்கறாங்க. விட்டுடு. உனக்குள்ள அது தன் சூட்டுலயே பக்குவமாகும்! இத்தனை வருஷமா எனக்குத் தெரிஞ்சும் சொல்ல வராம இருந்தது இதுதான்யா!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மன்றத் தலைவர் அந்த வாக்கியத்தை அறையின் வாசலில் பொறித்து வைக்கலாம் என்றார். அதற்கான சட்டத்தை மாப்பிள்ளையே போடட்டும் என்றார். மாமா தூணுக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையை இழுத்துவந்து, எல்லோர் முன்னாலும் பெட்டிச் சாவியை அவர் கையில் வைத்து மூடினார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது மாப்பிள்ளைக்கு மனசு தாங்கவில்லை. இப்படிப்பட்ட மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்று இருந்தது. சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

கூட்டம் டீ குடிக்க நகர்ந்தது. பேராசிரியை மட்டும் பெட்டியருகே நின்றார்.

"உங்கள் இல்லத்தில் சோறு நன்றாக வேகிறதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாப்பிள்ளை வேர்த்த கையால் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்கம்மா. தப்பு என்னோடதுதான். பழைய பெல்ட்டை நான் தெரியாத்தனமா நாசம் பண்ணிட்டேன். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லுங்க. மாமாகிட்ட உண்மையைச் சொல்றப்போ, அந்த வாக்கியத்தையாவது அவருக்குத் திருப்பிக் கொடுத்துடறேன்."

பேராசிரியை, அறையின் மறுகோடியில் யாருக்கோ டீ நீட்டிக்கொண்டே இந்தப் பக்கம் கண்ணை வைத்திருந்த அத்தையை ஒரு முறை பார்த்தார். பிறகு மாப்பிள்ளைக்கும் இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டுச் சொன்னார்:

"சென்ற முறை நான் பார்த்தபோது, 'தையல் இயந்திரத்துக்கு மாதம் ஒரு முறை எண்ணெய் விடவும்' என்று எழுதி, ஓரத்தில் ஓர் ஊசியும் வரைந்திருந்தது. அன்றைக்கு உங்கள் அத்தைக்கும் இப்படித்தான் வியர்த்தது."